விளக்கு வைத்த பிறகு

8-1-1974, செவ்வாய்

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் இன்று பின்ன வகுத்தல். கரும்பலகையில் ஆரம்பித்தபோது எழுத்து நன்றாகத்தான் இருந்தது. வரி முடிவதற்குள் சிறுத்துக்கொண்டே போய், கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து "தெரியலை டீச்சர்" என்றாள். தெரியாவிட்டால் முன்னால் வந்து உட்கார் என்று ஒரு அதட்டல் போட்டேன். பாவம், அவள் மேல் என்ன தப்பு? நான் பெரிதாகத்தான் எழுதுகிறேன். கை சிறிதாக எழுதுகிறது. நானும் என் கையும் எப்போது இரண்டு பேர் ஆனோம் என்று தெரியவில்லை.

இந்த டைரியும் அப்படித்தான். முதல் வரி எனக்குப் புரிகிறது. ஐந்தாவது வரியில் எறும்பு ஊர்கிறது.

சாயங்காலம் பொழுது இருக்கும்போதே சாப்பாடு முடிந்தது. அதற்காகவே அவர் மண்டியிலிருந்து ஓடி வந்து, சாப்பிட்டு, திரும்ப ஓடினார். விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை, தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வெளிச்சத்துக்கு வரும் பூச்சி பொட்டு சோற்றில் விழுந்து செத்தால் அந்தப் பாவம் நமக்கு. கல்யாணத்துக்கு முன்பே, ஜினாலயத்தில் அம்மாவின் பக்கத்தில் நின்று நான் எடுத்துக்கொண்ட விரதம். சமணர் வீட்டில் இதில் பெருமை பேச ஒன்றுமில்லை. பல் விளக்குகிற மாதிரிதான்.

வீட்டில் எல்லாரும் என்று எழுத வந்தேன். 'எல்லாரும்' இப்போது நாங்கள் இரண்டு பேர்.

12-1-1974, சனி

சென்னை போய் நரம்பு டாக்டர் திருஞானசம்பந்தத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். சிறு பிள்ளைக்குப் பரீட்சை வைப்பதுபோல் இருந்தது. பார்க்கின்சன் கொஞ்சம் கூடியிருக்கிறதாம். நம் ஊர் வைத்தியர் இதையே நடுக்குவாதம் என்றார், அவர் கஷாயத்தோடு நிறுத்தினார்.

மாத்திரை மூன்றாக இருந்தது ஐந்தாகிவிட்டது. கடைசி இரண்டும் ராத்திரிக்கு. ஒன்பது மணிச் சாப்பாட்டோடு ஒன்று, படுக்கும்போது பாலோடு ஒன்று. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்றார். சரி என்றேன்.

நான் ராத்திரி சாப்பிடுவதில்லை என்று அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்? அந்த இரண்டையும் சாயங்காலச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுக்கொண்டால் போகிறது. எந்த வேளையில் எத்தனை போட்டாலும் கூட்டினால் ஐந்துதான். கணக்கு டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா!

15-1-1974, செவ்வாய்

பொங்கலுக்கு என் பிள்ளை மகாவீரன் ஹாஸ்டலிலிருந்து வரவில்லை. பயிற்சி இருக்கிறதாம். இன்ஜினீயரிங் படிக்கிறவனுக்குப் பண்டிகை நாளில் என்ன பயிற்சி?

19-1-1974, சனி

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாயங்காலம் மாத்திரை போட்டுச் சிறிது நேரத்தில் தோள் தானாகச் சுழல ஆரம்பித்தது. பிறகு கழுத்து, பிறகு இடுப்பு. நடுக்கம் இல்லை இது. நெளிகிறேன். நிறுத்தப் பார்த்தால் இன்னும் நெளிகிறேன். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு நீலாம்பாள் பாலுக்கு உறைமோர் கேட்டு வந்தாள். தறி வீட்டுக்காரி, நல்ல மனசு. என்னைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஓடிப்போய் விபூதி கொண்டுவந்தாள். அம்மன் வந்திருக்கிறாளாம். எங்கள் வீட்டுக்கு எந்த அம்மனுக்கும் வழி தெரியாது, நீ உறைமோரை எடுத்துக்கொண்டு போ என்றேன்.

அந்த ஆட்டமெல்லாம் ஆடிய உடம்பு, ராத்திரி ஆனதும் கட்டை. புரண்டு படுக்க முடியவில்லை. அவர்தான் எழுந்து என்னைப் புரட்டிப் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்குத்தான் ஏதாவது சொல்லியிருக்கிறார்!

மாத்திரை வேலை செய்கிறதா, செய்யவில்லையா? செய்கிறதென்றால் எது வேலை - ஆட்டமா, கட்டையா?

23-1-1974, புதன்

தை அமாவாசை. தறிக்காரர்களுக்கு லீவு, தெருவே ஊமையாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையில் நின்றுவிட்டேன். நானாக நிற்கவில்லை. கால் தரையில் ஒட்டிக்கொண்டது. என்னிடம் படிக்கிற பெண்கள் நாலைந்து பேர் வணக்கம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்கள். யாருக்காகவோ காத்திருப்பதுபோல் பாவனை செய்தேன். கடைசியில் நீலாம்பாள் வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனாள். எல்லாம் அமாவாசை செய்கிற வேலை என்கிறாள். தினமும் அதே தெருவில் விடுவிடுவென்று நடக்கிறேனே? அமாவாசைக்கும் என் காலுக்கும் என்ன சம்பந்தம்?

வீட்டுக்கு வந்து அழுதேன். கணக்கில் விடை தெரியாமல் முழிப்பது எனக்குப் பழக்கமில்லை.

27-1-1974, ஞாயிறு

மகாவீரன் வந்தான். முடி காதை மூடியிருக்கிறது, பேன்ட் கீழே தெருவைப் பெருக்குகிறது. அதெல்லாம் பரவாயில்லை. என்னை அவன் கூப்பிடவில்லை.

தீபாவளிக்கு வந்தபோது, ஹாஸ்டலில் ராத்திரி எட்டரைக்குத்தான் சாப்பாடு போடுகிறார்கள், நானும் சாப்பிடுகிறேன் என்று அவனாகவே சொன்னான். மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. உண்மையைச் சொன்ன பிள்ளையிடம் நான் சொன்னது: "ராத்திரி தின்ற வாயால என்னை அம்மான்னு கூப்பிடாதே."

கோபத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்கிறார்கள். இவன் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டான். வருகிறான், பேசுகிறான், கடைக்குப் போய்வருகிறான், மருந்து தீர்ந்ததா என்று கேட்கிறான். அந்த ஒரு சொல் மட்டும் இல்லை. "தண்ணி வேணும்" என்கிறான், "கெளம்புறேன்" என்கிறான். மொட்டையாக. வேண்டுமென்று செய்கிறானா, வலித்துப்போய்ச் செய்கிறானா? நானாக, கூப்பிடுடா என்று சொல்லலாம். சொன்னால் ராத்திரி சாப்பிடு என்று சொன்னதாகிவிடும். எப்படிச் சொல்வேன்?

இன்று அவன் வந்த காரியம் வேறு. அடுத்த மாதம் அவன் கல்லூரி மைதானத்தில் ராக் கச்சேரியாம். ராக் என்றால் என்ன என்று அவன் அப்பா கேட்டார். எலெக்ட்ரிக் கித்தார், ஆம்ப்ளிஃபையர், இங்கிலீஷ் பாட்டு, ரொம்ப சத்தமாக இருக்கும் என்றான். இவன் டிரம்ஸ் அடிக்கிறானாம். பொங்கலுக்கு வராமல் செய்த பயிற்சி அதுதானாம். நோட்டீஸை மேஜையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"வந்தா நல்லா இருக்கும். வர முடிஞ்சா."

யார் வந்தால் என்று சொல்லவில்லை.

4-2-1974, திங்கள்

போவதா வேண்டாமா? கச்சேரி சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு. அந்த நேரத்தில் நான் ஆடிக்கொண்டிருப்பேன், இல்லை கட்டையாகியிருப்பேன். இரண்டையும் ஊர் பார்க்க வேண்டுமா? மகனுடைய சிநேகிதர்கள் முன்னால்?

அவரிடம் கேட்டேன். அவர் வேர்க்கடலை மூட்டைச் சணலைப் பிரித்துக்கொண்டே, "போய்த்தான் பாப்பமே" என்றார். இது அவருக்கு நீண்ட பேச்சு.

11-2-1974, திங்கள்

கைத்தறிப் பட்டில் அரக்குப் புடவையா, பச்சையா? ராக் கச்சேரிக்கு என்ன கட்டிக்கொண்டு போவார்கள்? நீலாம்பாளைக் கேட்டேன். அரக்கு என்றாள்.

17-2-1974, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுத வேண்டும். கை மோசமாக இருக்கிறது, இருந்தாலும்.

மத்தியானம் பஸ் ஏறி, சென்னையில் என் அக்கா மதனவதி வீட்டில் இறங்கினோம். பொழுது சாயும் முன்பே சாப்பாடு, அதோடு மாத்திரைகள். கல்லூரி வாசலுக்குப் போனபோது அங்கே வந்திருந்தவர்களிலேயே பட்டுப்புடவை நான் ஒருத்திதான். மைதானத்தில் மேடை, மேடையில் பீரோ பீரோவாக ஒலிபெருக்கி. மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து பஞ்சு எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்.

கச்சேரி ஆரம்பிக்கும் முன்பே எனக்கு ஆரம்பித்துவிட்டது. தோள் சுழல்கிறது, தலை ஒரு பக்கம் போகிறது, கை எழுந்து காற்றில் என்னவோ வரைகிறது. வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மேடையில் கித்தார் இடித்தது. இடி என்றால் இடிதான். பார்த்தால், சுற்றியிருந்த பையன்கள் எல்லாரும் என்னைப் போலவே நெளிகிறார்கள். தோளைச் சுழற்றி, தலையை ஆட்டி, கையைத் தூக்கி. அவர்கள் மாத்திரை போடாமலே. பக்கத்திலிருந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். ஆன்ட்டி பாட்டை ரசிக்கிறாள் என்று நினைத்துவிட்டான். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இத்தனை நாளில் என் உடம்பு ஊரோடு ஒத்துப்போன இடம் அதுதான்.

பாட்டு? எனக்கு ஒன்றும் புரியவில்லை. கத்துகிறார்கள். கெஞ்சுகிறார்கள். திரும்பக் கத்துகிறார்கள். ஆனால் கோபத்துக்குப் பின்னால் ஏதோ அழுகை இருப்பதுபோல் பட்டது. எனக்கு அப்படிப் பட்டதோ என்னவோ.

மகாவீரன் தெரியவில்லை. டிரம்ஸ் பின்னால் இருக்கிறது, கித்தார்காரன் முன்னால் நின்று மறைக்கிறான். எழுந்து கொஞ்சம் முன்னால் போனால் தெரியும். எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஆட்டம் அடங்கி, எப்போது என்று தெரியாமல் கட்டையாகியிருந்தேன். இவ்வளவு தூரம் வந்து பிள்ளையைப் பார்க்காமல் போகப்போகிறேன். அவரிடம் சொன்னால் காதில் பஞ்சு.

அப்போது மற்றவர்கள் எல்லாம் வாசிப்பதை நிறுத்தினார்கள். டிரம்ஸ் மட்டும். முதலில் மெதுவாக, ஒரே சீராக. என் வலது கால் கட்டைவிரல் செருப்புக்குள் அசைந்தது. பிறகு குதிகால். அடி விழும் இடத்தில் கால் விழுகிறது. நான் எழுந்துவிட்டேன். சத்தியமாக நான் எழவில்லை, அது எழுப்பியது. நாற்காலிகளுக்கு நடுவே நடந்தேன். விடுவிடுவென்று, எங்கள் தெருவில் நடப்பதுபோல. மேடைக்கு முன்னால் கட்டியிருந்த மூங்கில்வரை போய்விட்டேன். அங்கிருந்து பார்த்தேன். முடியெல்லாம் நனைந்து, வாயைக் கடித்துக்கொண்டு அடிக்கிறான். சின்ன வயதில் கணக்குப் போடும்போதும் அப்படித்தான் வாயைக் கடிப்பான். என்னைப் பார்த்தான். பார்த்தும் கை நிற்கவில்லை. இன்னும் பலமாக அடித்தான்.

பாட்டு முடிந்தது. நான் மூங்கிலைப் பிடித்தபடி நின்றேன். மற்றப் பாட்டுகளும் முடிந்து, கூட்டம் கலைந்து, நாற்காலிகளை மடக்கவும் ஆரம்பித்தாகிவிட்டது. நான் அங்கேயே நின்றேன். அவர் வந்து இழுத்தார், வரவில்லை. மகாவீரன் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தான்.

"மாத்திரை எப்ப போட்டது?"

பொழுது சாயும் முன்பு, எல்லாம் சேர்த்து, என்றேன். அவன் முகம் மாறியது. ராத்திரி மாத்திரையுமா என்றான். ஆமாம் என்றேன். தினமுமா என்றான். ஆமாம் என்றேன். என் கைப்பையில் மாத்திரை இருந்தது. யாரிடமோ வாழைப்பழம் வாங்கிவந்து, உரித்து, மாத்திரையோடு நீட்டினான். நான் வாயை மூடிக்கொண்டேன். கெஞ்சுவான் என்று பார்த்தேன். கெஞ்சவில்லை. தீபாவளியன்று நான் பார்த்த அதே முகம். பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

கித்தார்காரப் பையன் அதைப் பார்த்துவிட்டு, நீயாவது சாப்பிடேன்டா என்றான். பிறகு என்னிடம் சொன்னான். "காலைலேர்ந்து பிராக்டிஸ், ஆன்ட்டி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஓடிப்போய் சாப்ட்டுக்கினு வந்துட்டான். அப்புறம் தண்ணிகூடக் குடிக்கல. நீங்க வரீங்கன்னு."

அந்த மேடை விளக்கு வெக்கையில், அந்த அடி அடித்தவன், தண்ணீர் குடிக்காமல்.

அவன் பழத்தை மேடையோரம் வைத்துவிட்டு, டிரம்ஸ் குச்சி ஒன்றை எடுத்து, ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கி அதன் முதுகில் தட்ட ஆரம்பித்தான். ஒரே சீராக. என் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, கையில் பிடித்த அந்த நாற்காலியில் தட்டிக்கொண்டே போனான். நான் அவன் பின்னால் நடந்தேன். வாசலில் டாக்சி நின்றது. ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தான். இப்போது கூப்பிடுவான் என்று இருந்தேன்.

"பாத்துப் போங்க" என்றான். இரண்டு பேருக்கும் பொதுவாக.

22-2-1974, வெள்ளி

அமாவாசை. தறி இல்லை. தெருமுனையில் மறுபடி கால் ஒட்டிக்கொண்டது. குடைக்காம்பால் தரையில் தட்டிப் பார்த்தேன், அவன் தட்டிய மாதிரி. கால் பெயர்ந்தது! தட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

மற்ற நாளெல்லாம் என்னை நடக்க வைத்தது தெருவெல்லாம் ஓடுகிற தறிச் சத்தம். நீலாம்பாளிடம் சொன்னேன், உன் அமாவாசை இல்லையடி, உன் வீட்டுக்காரர் தறி என்று. அதற்குக் கூலி கேட்கிறாள்.

ஒரு கணக்குக்கு விடை கிடைத்தது. மற்றது?

2-3-1974, சனி

டாக்டரிடம் போனால் மகாவீரன் முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறான். எனக்குக் கோபம் வந்தது.

டாக்டர் திட்டவில்லை. ஒரே நேரத்தில் மொத்தமாகப் போடுவதால்தான் சாயங்கால ஆட்டம், அது தீர்ந்ததும் ராத்திரி முழுக்கக் கட்டை என்றார். ராத்திரி மாத்திரையை ராத்திரிதான் போட வேண்டும், வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும். இப்படியே விட்டால் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வேனாம், பள்ளிக்கூடமும் போக முடியாதாம். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "விரதம் உங்களுது. அதுல நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. நீங்கதான் சொல்லணும்."

யாராவது கட்டாயப்படுத்தினால் சண்டை போடலாம். இவர்கள் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

3-3-1974, ஞாயிறு

ஐந்தைக் கூட்டினேன். நேரத்தைக் கூட்டவில்லை. என்ன டீச்சர் நான்!

5-3-1974, செவ்வாய்

ராத்திரி சாப்பிட்டால் நான் யார்? பிள்ளையை அந்த ஒரு காரணத்துக்காக வாசலில் நிறுத்தியவள். இன்று நான் சாப்பிட்டால் அவன் சாப்பிட்டது தப்பில்லை என்றாகிறதா, நானும் தப்பு என்றாகிறதா? அவன் பசிக்குச் சாப்பிட்டான். நான் நோய்க்கு. வித்தியாசம் இருக்கிறதா? இருக்கிறது என்று காலையில் தோன்றியது. இப்போது தோன்றவில்லை.

சாப்பிடவில்லை. மாத்திரையும் போடவில்லை. அவர் புரட்டிப் போட்டார்.

7-3-1974, வியாழன்

ராத்திரி நான் கூடத்தில் நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்திருந்தேன். அவர் கூடத்து விளக்கை அணைத்தார். சமையற்கட்டு விளக்கையும் அணைத்தார். கொல்லைக் கதவைத் திறந்து அங்கே உள்ள பல்பை மட்டும் போட்டார். படுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து உள்ளே போய், சாயங்கால இட்லி இரண்டை வெள்ளைத் துணி போட்டு மூடிய தட்டில் கொண்டுவந்து வைத்தார். மாத்திரையும் வைத்தார். பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"பூச்சி விழுந்துடும்னுதான சாப்பிடறதில்ல? எல்லாம் கொல்லை வெளிச்சத்துக்குப் போய்டுச்சு. மிச்சத்த நான் பாத்துக்கினு நிக்கிறேன். நீ சாப்பிடு."

இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசியது இதுதான். அவர் சாப்பிடவில்லை. அவர் விரதம் அவருக்கு. என்னுடையதற்கு மட்டும் வழி தேடியிருக்கிறார், ஐந்து நாளாக வாயைத் திறக்காமல்.

ஒவ்வொரு விள்ளலுக்கும் துணியை விலக்கி, நான் எடுத்ததும் மூடினார். வழி தப்பி வந்த ஒரு சின்ன விட்டிலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டுபோய் ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தார். அழுதுகொண்டே சாப்பிட்டேன். ஜினேந்திரா, மன்னித்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன். மன்னிப்பு கேட்கிற அளவுக்குப் பாவமாகப் படவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

9-3-1974, சனி

விடியற்காலையில் நானே புரண்டு படுத்தேன்.

17-3-1974, ஞாயிறு

மகாவீரன் காலையில் வந்தான், இன்று தங்கிவிட்டான். பரீட்சைக்குப் படிக்க வேண்டுமாம். சாயங்காலம் பொழுது சாயும் முன்பு எங்களோடு சாப்பிட்டான். அரைவயிறு. எனக்குத் தெரியாதா?

ராத்திரி அவர் விளக்குகளை அணைத்து, கொல்லை விளக்கைப் போட்டு, விசிறியை எடுத்தார். அவன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தான். நான் ராத்திரி சாப்பிடுவது அவனுக்கு அதுவரை தெரியாது. யாரும் சொல்லவில்லை. நான் இரண்டாவது தட்டு ஒன்றை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. அப்பாவைப் பார்த்தான். அவர் விசிறியைப் பார்த்தார்.

"வந்து உக்காருடா. நீயும் நானும் இப்ப ஒரே கட்சி" என்றேன்.

வந்து உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டு ஒரு இட்லி சாப்பிட்டான். இரண்டாவதும் சாப்பிட்டான். இடது கை விரல்கள் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன, தெரிந்து செய்தானோ தெரியாமலோ. கொல்லைப்பக்கம் பல்பைச் சுற்றிப் பூச்சிகள் மோதிக்கொண்டிருந்தன.

"அம்மா, அந்தத் துவையல இப்படித் தள்ளு."

தள்ளினேன். கை நடுங்கிப் பாதி தரையில் கொட்டிவிட்டது. அவன் துடைத்தான். அவர் விசிறியை நிறுத்தவில்லை.